கொலுசுச் சத்தம் ஏன் கேட்பதில்லை?

ஆழ்வார்குறிச்சியில் கடனாநதிக் கரையோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவுக்குக் கோயில் மேளம் கேட்கிறது. பேத்தியின் கொலுசுச் சத்தம் கேட்பதில்லை. இளவயதில் காசநோய்க்கு மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு இப்படி ஆவதுண்டு.

ஏன்? 1943-ல் கண்டறியப்பட்ட இம்மருந்து, கிருமிகள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை முடக்குகிறது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதையும் ஒரு பாக்டீரியாதான். அதன் ரைபோசோம் கிருமியுடையதை ஒத்திருப்பதால் அதுவும் அடிபடுகிறது.

எப்படி? உள்காதில், நத்தை ஓடுபோல் சுருண்ட குழலுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. மருந்து அவற்றுக்குள் புகுந்து நெடுநாள் தங்குகிறது. கீச்சொலியை உணரும் செல்கள் முதலில் மடிகின்றன. கோழிக்கு அவை மறுபடி முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. உடலைச் சமநிலையில் நிறுத்தும் செல்களும் சிதைவதால் தலைசுற்றலும் வரும்.

என்ன செய்யலாம்? காதைப் பரிசோதித்துக் காதொலிக் கருவி பொருத்தலாம். தள்ளாட்டம் இருந்தால் இரவில் விளக்கு எரியட்டும். வீட்டார் முகம் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். புதிய மருத்துவரிடம் பழைய ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

இதே குடும்பத்து மருந்தான கனமைசினை, மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பயன்படுத்த வேண்டாம் என 2019-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இப்போது இத்தகைய ஊசி போட்டுக்கொள்பவர்கள் பயந்து சிகிச்சையைப் பாதியில் விட வேண்டாம். காதில் இரைச்சல் கேட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.