ரூட்டர்: எந்தப் பக்கம் தள்ளுவது?

மைக்கா ஒட்டிய பிளைவுட் பலகையின் ஓரத்தைச் சீவும் சின்ன டிரிம்மரின் இரைச்சல், அலமாரி வேலை நடக்கும் வீடுகளில் காலை முதல் மாலை வரை கேட்கும். அதற்கு மூத்தது ரூட்டர். இரண்டின் அமைப்பும் ஒன்றுதான்: கீழ்நோக்கி நிற்கும் மோட்டார்த் தண்டில் வெட்டும் பல் கொண்ட ஒரு பிட், அதைச் சுற்றி ஒரு தட்டையான அடித்தட்டு, பிடித்துக்கொள்ள இடம். மாதிரியைப் பொறுத்து நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை ஓடும். காடி எடுக்கலாம், விளிம்பை உருட்டலாம், கீலுக்குக் குழி தோண்டலாம், ஒரே வடிவத்தில் எத்தனை பலகை வேண்டுமானாலும் சீவலாம். பட்டறையில் இத்தனை விதமான வேலை செய்யும் கைக்கருவி வேறில்லை என்பது என் கட்சி. புதிதாக எடுப்பவரை இந்த அளவுக்கு மிரட்டுவதும் வேறில்லை.

இதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வார்ப்படத்துக்கு மர மாதிரிகள் செய்துவந்த ஆர்.எல். கார்ட்டர், முடிவெட்டும் மின்கருவி ஒன்றின் பற்சக்கரத்தைக் கழற்றிக் கூர்தீட்டி ஒரு மோட்டாரில் பொருத்தினாராம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அவருடைய நிறுவனத்தை 1929இல் ஸ்டான்லி விலைக்கு வாங்கியது உண்மை.

சரி, வேலைக்கு வருவோம். ரூட்டரில் ஒரே ஒரு விஷயம்தான் கற்க வேண்டும் என்றால், அது தள்ளும் திசை. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் சுற்றும் பக்கமே சுற்றுகிறது. பலகையின் ஓரம் உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கிறது, அந்த ஓரத்தைச் சீவுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தொடும் பல் அந்த நொடியில் இடமிருந்து வலமாகப் போகிறது. அதன் எதிர்விசை ரூட்டரை இடப்பக்கமாக உந்துகிறது. ஆகவே நீங்கள் வலப்பக்கம் தள்ள வேண்டும். மரம் எதிர்க்கும், நீங்கள் தள்ளுவீர்கள், வேகம் உங்கள் கையில் இருக்கும். வலமிருந்து இடமாகத் தள்ளினால் உங்கள் கைவிசையும் பிட்டின் உந்தலும் ஒன்று சேர்ந்துவிடும். அப்போது பிட் வெட்டுவதை விட்டுவிட்டு, மரத்தின் ஓரத்தில் சக்கரம் போல ஏறி ஓடப் பார்க்கும். கையிலிருந்து ரூட்டர் பாய்ந்தது, பலகை பிளந்தது என்று கேள்விப்படுவதில் பல இந்தத் தவறுதான்.

பலகையைச் சுற்றி நான்கு ஓரமும் சீவுகிறவர் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும். ஜன்னல் சட்டம் போல நடுவில் வெற்றிடம் உள்ளதன் உள்விளிம்பைச் சீவுகிறவர் கடிகார முள்ளோடு. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பிட் சுற்றும் பக்கத்தை ஒரு முறை விரலால் காற்றில் வரைந்து பார்த்தால் போதும். எதிர்த் திசையில், மயிரிழை ஆழத்துக்கு மட்டும் சீவிச் சிராய் எழும்பாமல் பார்த்துக்கொள்ளும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அது பழகிய கையின் சலுகை.

நான்கு ஓரங்களில் எதை முதலில் சீவுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மரத்தின் நாருக்குக் குறுக்கே ஓடும் இரண்டு முனைகளை முதலில் முடித்துவிட வேண்டும். அங்கே பிட் வெளியேறும் மூலையில் மரம் கொஞ்சம் பிய்ந்து வரும். அடுத்து நாரோடு ஓடும் நீளப்பக்கத்தைச் சீவும்போது அந்தப் பிய்ந்த இடமும் சேர்ந்து போய்விடும். மாற்றிச் செய்தால், கடைசியில் பிய்ந்தது பிய்ந்ததுதான்.

நடுப்பலகையில் காடி எடுக்கும்போது பிட்டுக்கு இருபுறமும் மரம். உங்களிடமிருந்து முன்னோக்கித் தள்ளினால் ரூட்டர் இடப்பக்கம் விலகப் பார்க்கும். நேரான சட்டம் ஒன்றை வழிகாட்டியாகக் கிளாம்ப் போட்டு வைப்பதானால், அது ரூட்டருக்கு இடப்பக்கம் இருக்கட்டும். இழுப்பே அடித்தட்டைச் சட்டத்தோடு ஒட்டவைத்துவிடும். வலப்பக்கம் வைத்தால் காடி வளைந்து நெளிந்து வரும், நீங்களோ கை நடுங்கியதென்று நினைப்பீர்கள். ரூட்டரோடு சேர்த்துத் தரும் பக்கத்தடுப்புக்கு இந்தக் கணக்கு மாறும்: அது பலகையின் வலது ஓரத்தைப் பற்றிக்கொண்டு வர வேண்டும். கோடு கிழித்து அதன் மேல் வெறுங்கையால் நேராக ஓட்டிவிடலாம் என்று முயல்வோர் ஏராளம். இந்தக் கருவியில் கையை நம்பிப் பயனில்லை. அடித்தட்டோ, சில பிட்டுகளில் இருக்கும் பேரிங்கோ எதன் மேலாவது சாய்ந்து வந்தால்தான் கோடு நேராக இருக்கும், பிடியும் நழுவாது.

அடுத்தது பிட்டைப் பிடித்திருக்கும் கோலெட். பிளவுகள் உள்ள சிறிய உலோக உறை அது. நட்டை முறுக்கினால் சுருங்கிப் பிட்டின் தண்டை இறுக்கும். நம் கடைகளில் 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும் அருகருகே தொங்கும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கால் அங்குலக் கோலெட்டில் 6 மி.மீ. பிட்டைப் போட்டு முறுக்கினால் பிடித்தது போலத்தான் தெரியும். ஓடும்போது மெல்ல நழுவும். காடியின் ஆழம் போகப்போகக் கூடுகிறது என்றால் பிட் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். தண்டை அடிவரை செருகி, 2 மி.மீ. வெளியே இழுத்து, பிறகு முறுக்குவது வழக்கம். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் கோலெட்டின் பிடி முழுமையாக இறங்காது. இதற்கெல்லாம் முன்னால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

வேகமும் விளையாட்டல்ல. 24,000 சுற்றில் 6 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்கு சுமார் 27 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே சுற்றில் 50 மி.மீ. பிட் என்றால் 226 கி.மீ. அகலமான பிட்டுக்குச் சுற்றைக் குறைப்பது இதனால்தான்: 25 மி.மீ. வரை 24,000, 50 மி.மீ. வரை 18,000 என்பது பொதுவான அளவு. அதற்கும் பெரிய பிட்டை மேசையில் பொருத்திய ரூட்டரில்தான் ஓட்ட வேண்டும். ஒரே இழுப்பில் முழு ஆழமும் எடுக்கக் கூடாது. பிட்டின் விட்டத்தில் பாதி ஆழம் என்பதே மேல் எல்லை. மெதுவாகத் தள்ளுவதும் தவறு. இரண்டு பல் பிட் 20,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 4 மீட்டர் தள்ளினால், ஒவ்வொரு பல்லும் 0.1 மி.மீ. சீவுகிறது. அரை மீட்டர் என்று ஊர்ந்தால் பல் சீவாமல் உரசும். மரம் கருகும், பிட் மழுங்கும். சுருள்சுருளாகச் சீவல் வந்தால் சரி. மாவாக வந்தால் தள்ளும் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது பிட்டை மாற்றுங்கள்.

கண்ணாடி, காதடைப்பான், முகக்கவசம் மூன்றும் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. மூக்குத் துளையைத் துண்டால் மறைத்துக்கொள்வது போதாது. தோளில் துண்டும் வேண்டாம், கையுறையும் வேண்டாம். இரண்டையும் பிட் இழுத்துக்கொள்ளும்.

இனி கீல் குழிக்கு வருவோம். அடித்தட்டில் பொருத்தும் வளையம், குழியின் வடிவில் திறப்பு வெட்டிய பலகையான டெம்ப்ளேட்டின் விளிம்பை உரசிக்கொண்டே வர, பிட் உள்ளே தள்ளி வெட்டும். வளையத்தின் வெளிவிட்டம் 16 மி.மீ., பிட் 10 மி.மீ. என்றால் வித்தியாசத்தில் பாதி, அதாவது 3 மி.மீ. விலகல். 75 மி.மீ. நீளக் கீலுக்கு டெம்ப்ளேட்டின் திறப்பை 81 மி.மீ. வெட்ட வேண்டும். ஆழத்துக்கு அளவுகோல் வேண்டாம். மேலும் கீழும் நகரும் வகை ரூட்டரை டெம்ப்ளேட்டின் மேல் வைத்து, பிட் மரத்தைத் தொடும் வரை இறக்கிப் பூட்டி, ஆழத்தண்டுக்கும் அதன் நிறுத்தத்துக்கும் நடுவே கீலின் ஒரு இதழையே வைத்துத் தண்டை முடுக்கிவிட்டு இதழை உருவிவிடுங்கள். இதழ் எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆழம் இறங்கும். முதலில் ஒரு கழிவுக் கட்டையில் வெட்டிக் கீலை வைத்துப் பார்ப்பது நல்லது. மூலைகளில் 5 மி.மீ. ஆரத்துக்கு வளைவு மிஞ்சும். அதைச் சதுரமாக்க உளிதான் வேண்டும்; இல்லையென்றால் அதே வளைவுள்ள கீலாகப் பார்த்து வாங்கிவிடலாம்.