மோட்டார் எரிந்த பிறகு கணக்குப் பார்ப்பவர்கள்

வியாபாரிக்கு தன் கடைக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். சரக்கு எவ்வளவு, கடன் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் அரைக்கும் மில், மரக்காலை, ஐஸ் தொழிற்சாலை நடத்தும் ஒரு முதலாளியிடம், "உங்கள் மோட்டார் ஓடும்போது எத்தனை அம்பியர் எடுக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "அது மெக்கானிக்குக்குத்தான் தெரியும்" என்பார். அந்த மெக்கானிக்கை அவர் கூப்பிடுவதோ மோட்டார் எரிந்த அன்றைக்கு மட்டும்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் முப்பது வருடங்களுக்கு மேலாக மோட்டார் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் பழக்கியவர் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் மின் பகுதியில் வேலை பார்த்தவர். 1950 இல் உற்பத்தி தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990 இல் யுத்தத்தால் நின்று போனது. சுண்ணாம்புக் கல்லை உடைப்பதற்கும் அரைப்பதற்கும் சூளையைச் சுழற்றுவதற்கும் அங்கே பெரிய பெரிய மோட்டார்கள் இருந்தன. அங்கிருந்து வந்தவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மெசின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதைப் பார்ப்பார்கள். கையை வைத்துச் சூடு பார்ப்பார்கள், பேரிங்கில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் காதால் கேட்பார்கள், அம்பியரைக் கொப்பியில் எழுதுவார்கள். எரிந்தால் மாற்றுவது அல்ல, எரியாமல் பார்ப்பதுதான் அவர்களுக்கு வேலை.

1990 க்குப் பின் தேசிய மின்சாரம் இல்லை. சீமெந்து, பற்றரி, எரிபொருள் எல்லாவற்றுக்கும் தடை. அதே வருடம் ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, நாங்கள் ஆணி முதல் பெல்ட் வரை வாங்கிய இரும்புக் கடைகளும் பூட்டப்பட்டன. புதிய செப்புக் கம்பி கிடைக்காத அந்தக் காலத்தில், எரிந்த மோட்டாரில் தப்பிய கம்பியைக் கழற்றி, நிமிர்த்தி, வார்னிஷ் பூசித் திரும்பச் சுற்றியிருக்கிறோம். அப்படிச் சுற்றும்போதுதான் எரிந்த கம்பி பேசும் பாஷை விளங்கியது.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மூன்று பேஸ் மோட்டார் எரிந்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். சுருள்கள் முழுவதும் ஒரே மாதிரிக் கருகியிருந்தால் பாரம் கூடிவிட்டது, அல்லது வோல்ட் குறைந்துவிட்டது. சில சுருள்கள் கருகி, மற்றவை புதிது போலப் பளபளத்தால் ஒரு பேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஸ்டார் இணைப்பானால் மூன்றில் இரண்டு பங்கு கருகும். டெல்டாவானால் ஒரு பங்கு கருகும். என்னிடம் வரும் மோட்டார்களில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலை. ஐஸ் கட்டும் பெரிய கொம்பிரசரில் ஒரு குறையும் இல்லை. அதைக் குளிராக்கும் தண்ணீரை ஏற்றுவது 10 குதிரைவலு பம்ப் மோட்டார். அந்தத் தண்ணீர் நின்றால் அழுத்தம் ஏறி கொம்பிரசரும் தானாக நின்றுவிடும். பம்பின் பேரிங் இறுகி ஓவர்லோட் ரிலே அடிக்கடி விழுந்திருக்கிறது. பேரிங்கை மாற்றினாலும் ரிலேயை அதன் பழைய அளவுக்குத் திருப்பி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 15 அம்பியரில் இருக்க வேண்டியது 25 இல் நின்றது. ஓர் இரவு, உப்புக் காற்றில் அரித்துப்போன ஒரு பியூஸ் முனை விட்டுவிட்டது. ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 1.73 மடங்கு கரண்ட் ஓடும். 14 அம்பியர் எடுத்த மோட்டார் 24 எடுத்திருக்கும். 25 இல் நிற்கும் ரிலே அதைக் கண்டுகொள்ளுமா? விடியற்காலையில் மீனவர்கள் பெட்டிகளோடு வந்து நிற்கிறார்கள், ஐஸ் இல்லை. மீன் விலை விழுந்தது. வாடிக்கையாளர் சிலர் வேறிடம் போனார்கள், திரும்பி வரவும் இல்லை. என் சுற்றுக்கூலி அந்த நட்டத்தில் ஒரு துளி. ஆனால் பேரம் பேசப்பட்டது என் கூலியில்தான்.

"தம்பி, பின்னேரத்துக்குள்ள ஓட வேணும்."

"முதலாளி, வார்னிஷ் காய வேணும்."

இந்தச் சம்பாஷணை என் பட்டறையில் கிழமைக்கு இரண்டு தரம் நடக்கும். அவசரத்துக்காகப் பழைய கம்பியை நெருப்பு வைத்து எரித்து எடுக்கும் இடங்களும் உண்டு. அதில் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளின் காப்பு கெட்டு, மோட்டார் அதன் பிறகு சும்மாவே சூடாகும். அந்தச் சூட்டுக்கும் சேர்த்து மாதாமாதம் மின் பட்டியலில் கட்டுகிறீர்கள். சுற்றிய மோட்டாரை வாங்கும்போது கம்பியின் கேஜையும் சுற்றின் எண்ணிக்கையையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவருக்குத்தான் சரியான வேலை கிடைக்கும்.

2013 இல் குடாநாடு மீண்டும் தேசிய மின்சாரத்தோடு இணைந்ததும் இனிக் கவலையில்லை என்று பலரும் நினைத்தார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. கரண்ட் போகும்போது பெரிதாக ஒன்றும் கெடாது. திரும்பி வரும் நேரம்தான் பயம். மோட்டார் கிளம்பும்போது வழமையை விட ஆறு மடங்கு வரை இழுக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்ட் விழும். வோல்ட் பத்து வீதம் குறைந்தால் மோட்டாரின் இழுவை ஏறத்தாழ இருபது வீதம் குறையும். ஒழுங்கான ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் போனதும் கழன்றுவிடும், பட்டனை அழுத்தினால்தான் ஓடும். அதைத் தொல்லை என்று கழற்றிவிட்டு மெயின் சுவிட்சிலேயே ஓட்டும் மில்கள் இன்றும் இருக்கின்றன. அப்படி ஒரு மில்லில், கரண்ட் இல்லாத நேரம் அடைப்பை எடுக்கக் கை விட்ட பையனுக்கு மூன்று விரல்கள் போயின. அந்த ஸ்டார்ட்டரை நானே இரண்டு தரம் போடச் சொல்லியிருந்தேன்.

மாதம் ஒரு தடவை மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மழைக் காலத்தில் நின்று கிடந்த மோட்டாரை மெகர் வைத்துப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சின்ன ரிலேயின் விலை, ஒரு தரம் சுற்றும் கூலியை விடக் குறைவு. இதற்கு மெக்கானிக்குக்கு மாதச் சம்பளம் பேசிக்கொண்டால், எரிந்தால்தான் எனக்கு வருமானம் என்ற நிலையும் எங்களுக்கு இராது.

ஆள் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் ஜேர்மன் உதவியுடன் தொழிற்பயிற்சி நிறுவகம் திறந்தார்கள். மீட்டரைப் படிக்கத் தெரிந்து வரும் பிள்ளைகளுக்குச் சுற்று வேலை பழக்குவது சுலபம். என் பட்டறையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். கெட்டிக்காரனான ஒருவன் கட்டாருக்கு பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான்.