ரத்தம் ஏறவில்லையா? குடலையும் கவனியுங்கள்!

மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் சிலருக்கு ரத்தம் ஏறுவதில்லை. “ஒழுங்காகச் சாப்பிட்டாயா?” என்று வீட்டில் ஏச்சு வேறு! பாவம், மாத்திரை வயிற்றுக்குள் போகத்தான் செய்கிறது; குடல்தான் சத்தை ஏற்க மறுக்கிறது.

இப்படிச் செய்யும் நோய்களில் ஒன்று சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. ரொட்டி சானாய் மாவு கிழியாமல் இழுபடுகிறதே, அது குளூட்டனின் வேலை. இந்நோயாளிகளின் உடல் அதை எதிரியாக எண்ணிப் போராடி, தன் குடலையே கெடுத்துக்கொள்கிறது. சிறுகுடலின் உட்புறம் வெல்வெட் துணி போன்றது. சத்தை உறிஞ்சும் அந்த மெல்லிய இழைகள் தேய்ந்து போகின்றன. இரும்பை அதிகம் உறிஞ்சுவது சிறுகுடலின் மேற்பகுதி; நோய் பெரிதும் தாக்குவதும் அங்கேதான்.

நெதர்லாந்தில் புதிதாக இந்நோய் கண்ட 80 பெரியவர்களைச் சோதித்து, 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 87 பேருக்கு ஏதாவது ஒரு சத்தாவது குறைவு. துத்தநாகம் 67 பேருக்கும், இரும்பின் சேமிப்பு 46 பேருக்கும் போதவில்லை. போலிக் அமிலமும் பி12 வைட்டமினும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் குறைந்திருந்தன. ஆள் மெலிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பருமனானவருக்கும் இது வரும்.

ஆனால், ரத்தக்குறைவு என்றாலே சீலியாக் என்று பயந்துவிடாதீர்கள்! மாதவிலக்கில் மிகுந்த இரத்தப்போக்கு, கொக்கிப்புழு, தலசீமியா ஆகியவையே நம் நாட்டில் அதிகம். மாத்திரைக்கும் மசியாத சோகையோடு, ஓயாத வயிற்றுப்போக்கோ வயிற்று உப்புசமோ இருந்தால் டாக்டரிடம் இதைப்பற்றிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம்.

நோய் உறுதியானால் கோதுமையை ஆயுள் முழுதும் விட வேண்டும். பிஸ்கட்டும் மீயும் மட்டுமல்ல, கிச்சாப்பிலும் கட்டிப் பெருங்காயத்திலும்கூடக் கோதுமை கலந்திருக்கும். நமக்கு ஒரு நிம்மதி: சோறு, இட்லி, தோசை, கேழ்வரகுக் கூழ் எதற்கும் தடையில்லை. வெறும் வெள்ளைச்சோறு மட்டும் போதாது. பருப்பு, முருங்கைக்கீரை, நெத்திலி தட்டில் இருக்கட்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்காதீர்கள், அது இரும்பைத் தடுக்கும்; ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். குடல் ஆற மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்களும் ஆகலாம். அதுவரை டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்.