மடிக்கணினியின் அம்புக்குறி அசைய மறுத்தால்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், பிள்ளைகளின் பாடங்கள் இல்லம் தேடி வந்தன. தோட்ட வீடுகளுக்குள் மடிக்கணினியும் வந்தது. அதன் திரையில் நகரும் அம்புக்குறி திடீரென நின்றுவிட்டால், கருவியே கெட்டுவிட்டது என அஞ்சிக் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ பேருந்து ஏறும் பெற்றோர் உளர். ஒரு நாட் சம்பளமும் பழுதுபார்க்கும் கூலியும் செலவாகுமுன், வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள் சிலவற்றை இங்கு விளக்குவோம்.

விசைப்பலகைக்குக் கீழுள்ள தொடுதளம், விரல் படும்போது உண்டாகும் நுண்ணிய மின்மாற்றத்தை உணர்ந்தே அம்புக்குறியை நகர்த்துகின்றது. ஆதலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அதனைக் குழப்பும். கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, தொடுதளத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தல் முதற்படியாகும்.

அடுத்து, மவுஸ் எனப்படும் சுட்டெலி ஒன்றைப் பொருத்திப் பார்க்கவேண்டும். அதற்கு அம்புக்குறி இணங்கினால், குறை தொடுதளத்தைச் சார்ந்தது. விசைப்பலகையின் மேல்வரிசையில் தொடுதளப் படம் பொறித்த விசை இருக்கலாம். அதனைப் பிள்ளைகள் அறியாது அழுத்தியிருந்தால் தொடுதளம் செயலற்றுவிடும். அவ்விசையை, தேவையாயின் எஃப்என் விசையுடன் சேர்த்து, மீண்டும் அழுத்துக. அத்தகைய விசை இல்லாத விண்டோஸ் கணினியில், செட்டிங்ஸ் பகுதியிலுள்ள டச்பேட் என்னும் இடத்தில் அதனை இயக்கலாம்.

சுட்டெலிக்கும் விசைகளுக்கும் திரை அசையாவிடில், கணினி உறைந்துவிட்டது எனக் கொள்ளலாம். மின்விசையைப் பத்து வினாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் இயக்குக. சேமிக்கப்படாத வேலை இதனால் அழியக்கூடும்.

அம்புக்குறி தானாகவே துள்ளுமாயின், மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். துள்ளல் நின்றால், மின்னேற்றியிலோ, எர்த் எனப்படும் நிலத்தொடர்பிலோ குறை இருக்கலாம். சுட்டெலி மட்டும் தடுமாறினால், அதன் மின்கலத்தை மாற்றுக. கண்ணாடி மேசையாயின், அடியில் ஒரு தாளை விரித்தால் போதும்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கருதலாகாது. தொடுதளம் மேலெழும்பியோ, அழுத்த இயலாது இறுகியோ, கணினியின் அடிப்பகுதி புடைத்தோ காணப்பட்டால், உள்ளிருக்கும் மின்கலம் வீங்கியிருக்கக்கூடும். அது தீப்பற்றும் அபாயம் உடையது. உடனே கணினியை அணைத்து, மின்னேற்றியை அகற்றுங்கள். அழுத்துவதோ குத்துவதோ குப்பையில் எறிவதோ கூடாது. பழுதுபார்ப்போரிடம் கொண்டுசெல்வதே முறை. பேருந்துச் செலவு அன்றுதான் தகும்.

மற்றக் குறைகளுக்கு முதலில் துணியையும் விசையையும் நாடுவோம். பிள்ளைகளுக்கும் இவற்றைக் கற்பித்தால், அவர்தம் பாடமும் தடைப்படாது. நம் உழைப்பின் ஊதியமும் வீணாகாது.