'சேஃப்' படுத்தின பாடு

'சேஃப்'னா பாதுகாப்பு, இதுல என்ன பெரிய விஷயம்னு நெனச்சுத்தான் உட்கார்ந்தேன். எங்க லேப்ல ஒரு ஆட்டோகிளேவ் இருக்கு (நம்ம வீட்டு பிரஷர் குக்கருக்குப் பெரியண்ணன்னு வச்சுக்கோங்க). அதோட ஆங்கிலக் கையேட்டுல ஒரு பக்கத்தை ஜெர்மன்ல எழுதி மெஷின் மேல ஒட்டணும். பகுதி நேர வேலை பார்க்கிற மாணவன் தலையிலதானே இதெல்லாம் விழும்!

அதுல ஒரு வரி: பச்சை விளக்கு எரிந்தால் மூடி 'சேஃப்'. அகராதியில முதல்ல நிக்கிற 'ஸிஷர்'ஐப் போட்டு பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். டெக்னீஷியன் படிச்சுப் பார்த்துட்டு, "அப்போ பச்சை எரிஞ்சா மூடி கெட்டியா பூட்டியிருக்குன்னு அர்த்தமா?"ன்னு கேட்டார்.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கையேடு சொன்னது நேரெதிர்: அழுத்தம் இறங்கிடுச்சு, இனி தைரியமா திறக்கலாம். உள்ளே 121 டிகிரி நீராவி, வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தம். பச்சை எரியலைன்னா பூட்டு விட்டுடுச்சுன்னு நெனச்சு யாராவது மூடியில கை வச்சா? உள்பூட்டு தடுக்கும்தான். அதை நம்பியா எழுதறது?

விஷயம் என்னன்னா, ஆபத்தில்லாத, உறுதியான, நிச்சயமான, மூணுக்கும் ஜெர்மன்ல 'ஸிஷர்'தான். "இது ஸிஷரா?"ன்னு கேட்டா "ஸிஷர்"னு பதில் வரும். ஆபத்தில்லைங்கிறாரா, 'அட ஆமாம்பா'ங்கிறாரா, நீங்களே முடிவு பண்ணிக்கணும் :-)

'கிண்டர்ஸிஷர்'னு மருந்து பாட்டில் மூடியில போட்டிருந்தா குழந்தையால திறக்க முடியாதுன்னு அர்த்தம். குழந்தை கையில கொடுக்கலாம்னு இல்லை! பாத்திரம் கழுவற மெஷினுக்கு 'சேஃப்'பான கோப்பைக்கு 'ஃபெஸ்ட்', அதாவது தாங்கும். உடம்புக்குக் கெடுதல் செய்யாத பொருளுக்கு 'உன்பெடென்க்லிஷ்'. சேஃப்டி, செக்யூரிட்டி ரெண்டுக்கும் 'ஸிஷர்ஹைட்'னு ஒரே சொல். பிரிச்சுச் சொல்லணும்னா ஜெர்மன் இன்ஜினியர்களே ஆங்கிலத்துக்குத் தாவிடறாங்க. சிரிக்காதீங்க, நமக்கும் ரெண்டுமே 'பாதுகாப்பு'தான்.

ஊர்லேர்ந்து திரும்பினதும் அம்மா போன்ல கேக்கிற "பத்திரமா போய்ச் சேர்ந்தியா?" இருக்கே, அதுக்கு ஆங்கிலத்துல 'சேஃப்' சரியா உட்காரும். ஜெர்மன்காரங்க 'கூட்', அதாவது நல்லா வந்து சேர்ந்தியான்னு கேப்பாங்க. அங்கே 'ஸிஷர்' சில சமயம்தான் எட்டிப் பார்க்கும்.

கடைசியில மூடியைப் பத்திப் பேசறதையே விட்டுட்டு, 'பச்சை எரிந்தால் ஆபத்தின்றித் திறக்கலாம்'னு வர்ற மாதிரி, 'கெஃபார்லோஸ்' போட்டு எழுதினேன். டெக்னீஷியன் ரெண்டு தடவை படிச்சுட்டு, பேசாம டேப்பை எடுத்து அவரே ஒட்டினார். பழைய தாள் என் டைரிக்குள்ளதான் இருக்கு.