ஜல்லியாகாமல் தப்பிய படிகங்கள்

தபால்தலை, பழைய நாணயம் சேர்ப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. நான் சேர்ப்பது கல். சியோலைட் எனப்படும் கனிமப் படிகங்கள்.

1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் இக்கல்லைச் சூடாக்கியபோது, நீர் கொதிப்பதுபோல் அது பொங்கியது. அதனால் ‘கொதிக்கும் கல்’ என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து சியோலைட் எனப் பெயரிட்டார். படிகத்திலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளில் நீர் தங்கியிருக்கிறது. சூடு பட்டால் ஆவியாகி வெளியேறுகிறது.

சியோலைட்டுக்குப் பேர்போன இடம் இந்தியாவின் மகாராஷ்டிரம். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியது. உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகள் பொந்துகளாயின. கனிமம் கரைந்த நீர் அவற்றில் கசிந்து, படிகம் மெல்ல வளர்ந்தது.

புனே, நாசிக், ஜல்காவ் வட்டாரங்களில் இப்பாறையை உடைப்பது படிகத்துக்காக அல்ல. சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லி வேண்டும். வெடி வைக்கும்போது ஒரு பொந்து திறக்கும். தொழிலாளி ஒருவர் கவனித்து எடுத்து வைத்தால் படிகம் பிழைக்கும். இல்லையென்றால் அரவை இயந்திரத்துக்குள் போய்விடும். அப்படிப் பிழைத்தவற்றை நாசிக்கை அடுத்த சின்னாரில் உள்ள கார்கோட்டி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

என்னிடம் உள்ள ஸ்டில்பைட், நெற்கதிர்களைச் சேர்த்து நடுவில் இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கும். ஸ்கோலசைட் வெள்ளை ஊசிக் கொத்து. துணியால் துடைத்தால் முறியும். ரப்பர் ஊதுபந்தால் தூசு தட்டுகிறேன். லாமோன்டைட் உலர்ந்த காற்றில் நீரை இழந்து பொடியாகும். குளிர்சாதன அறை அதற்கு ஆகாது.

புதிதாக வாங்குவோர் விலையைக் கேட்குமுன் பெயர்ச்சீட்டைக் கேளுங்கள். கனிமத்தின் பெயர், ஊர், கல்குவாரி, எடுத்த ஆண்டு ஆகியவை அதில் இருக்க வேண்டும். ‘இந்தியா’ என்று மட்டும் இருந்தால் அது வெறும் அலங்காரக் கல். குவாரி மூடப்பட்டு, மேலே கட்டடம் எழுந்துவிட்டால், அந்த இடத்தில் என்ன விளைந்தது என்று சொல்லக் கல்லும் சீட்டும்தான் மிஞ்சும்.

எனக்குப் பிறகு இவை யார் கைக்குப் போனாலும் இரண்டையும் பிரிக்காமல் கொடுக்கும்படி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.