உணர்வில்லாத காலுக்குச் சுடுதண்ணீர் வேண்டாம்

2009இல் செல் துண்டு பட்டதிலிருந்து எனது இடது பாதம் விறைத்தே இருக்கிறது. பித்தவெடிப்புக்கு நல்லதென்று அம்மா சொல்ல, உப்புப் போட்ட சுடுதண்ணீரில் இரண்டு கால்களையும் வைத்தேன். வலது காலை உடனே இழுத்துவிட்டேன். இடது காலுக்குச் சூடே தெரியவில்லை. மறுநாள் பெரிய கொப்புளம். ஆற ஒன்றரை மாதம் எடுத்தது.

காயத்தால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் நீண்டகாலச் சலரோகம் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இப்போது தண்ணீரின் சூட்டை முழங்கையால்தான் பார்க்கிறேன். இளஞ்சூடு போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடுவதில்லை. கூட ஊறினால் தோல் இன்னும் காய்ந்து வெடிக்கும். உப்பு, தேசிக்காய்ச்சாறு எதுவுமில்லை. துவாயால் விரல் இடுக்குகளை ஒற்றித் துடைத்து, குதிக்காலில் மட்டும் தேங்காயெண்ணெய் பூசுகிறேன். இடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வந்துவிடும். பிளேட்டால் தோல் சீவுவதை அடியோடு விட்டுவிட்டேன்.

படுக்கமுன் கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன். சப்பாத்தைப் போடமுன் கவிழ்த்துத் தட்டுவேன். ஒருமுறை சிறுகல் ஒன்று அரைநாள் உள்ளே கிடந்தும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலை இழந்தவர்களுக்கு மற்றக் கால்தான் கூடுதல் சுமையைத் தாங்குகிறது. அதையும் தினமும் பாருங்கள். சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, கெட்ட மணம், கறுப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். வலிக்காவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.